வினாக்கொத்தும் எமது மானமும்

'கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை தடவை மது அருந்தினீர்கள்?' 'கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்த நாட்கள் எத்தனை?' 'நித்திரைக்காகவோ மன அமைதிக்காகவோ குளிசை பாவிக்கிறீர்களா?' மேற்கு நாடுகளில் நீண்டகாலம் வாழ்பவர்கள் எப்போதாவது ஒரு தடவை இப்படியான கேள்விகளைச் சந்திக்கிறார்கள். சில வேளை தபாலில் வரும் வினாக்கொத்தாக, சில வேளை தொலைபேசியில் பேசும் ஒரு குரலாக, சில வேளை மருத்துவரின் காத்திருப்பு அறையில் நீட்டப்படும் தாளாக. கேள்விக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிறு சதுரப் பெட்டிகள் இருக்கும். 'ஒருபோதும் இல்லை' என்பது பெரும்பாலும் முதலாவது பெட்டி. பேனாவுக்கு மிகக் கிட்டவாக இருப்பதும் அதுதான்.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பிரச்சினை இதுதான்: முகம் தெரியாத ஒரு நிறுவனம் எமது குடியைப் பற்றியும் எமது மனதின் நிலையைப் பற்றியும் கேட்கும்போது, அதற்கு உண்மை சொல்லும் கடமை எமக்கு உண்டா? உண்டென்றால் அது யாருக்கான கடமை? 'நாம்' என்று சொல்வது சுவிஸ் நாட்டின் றெஸ்ரோரண்ட் குசினிகளில் நிற்கும் எம் போன்றவர்களை. 2009க்குப் பின்னர் வந்தவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவர்களும் எமக்குள் உண்டு. பட்டம் பெறாதவனுக்கு மெய்யியல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பை கழுவும் மெசினுக்கு முன்னால் நிற்கும் ஒன்பது மணித்தியாலத்தில் யோசிப்பதற்குப் பட்டம் தேவைப்படுவதில்லை.

*

முதலில், கேள்வி என்பது எமக்கு என்னவாக இருந்து வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோதனைச் சாவடியில் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னவன் வீட்டுக்குப் போனான். மற்றவன் போகவில்லை. இங்கே வந்து சேர்ந்த பிறகு அகதி விசாரணை. சுவிஸ் அகதிச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி விண்ணப்பதாரி தனது கதையை நம்பத்தக்கதாக்க வேண்டும். முக்கியமான விடயங்களில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் அது நம்பத்தகாதது. முதலாம் விசாரணையில் சொன்ன திகதியும் இரண்டாம் விசாரணையில் சொன்ன திகதியும் அருகருகே வைத்துப் பார்க்கப்படும்.

இப்படி வந்த ஒருவனுக்கு முன்னால் ஒரு தாளும், தாளில் ஒரு கேள்வியும், எதிரில் பேனாவுடன் ஒரு உத்தியோகத்தரும் இருந்தால் அவனது மனம் 'இதற்கு உண்மையான பதில் என்ன?' என்று தேடுவதில்லை. 'இதற்கு ஆபத்தில்லாத பதில் எது?' என்றே தேடுகிறது. மனிதர்கள் தம்மை நல்லவர்களாகக் காட்டும் பதிலின் பக்கம் சாய்வார்கள் என்பது ஆய்வு செய்பவர்களுக்குத் தெரிந்த விடயம். அதற்குக் கணக்கில் இடம் விட்டு வைப்பார்கள். எமது சாய்வு அதிலும் பழையது, ஆழமானது. உயிர் தப்புவதற்காகப் பழகிக்கொண்டது அது.

இரண்டாவது, எம்மை யார் கேட்கிறார்கள் என்பது. சுவிஸ் மத்திய புள்ளிவிபரத் திணைக்களம் 1992 முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நாட்டு மக்களின் சுகாதார நிலை பற்றிய ஆய்வை நடத்தி வருகிறது. மது, புகைத்தல், போதைப்பொருள், மருந்துப் பாவனை, மனநிலை எல்லாம் அதில் அடங்கும். 2022இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். தனியார் வீடுகளில் வசிக்கும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களிலிருந்து எழுந்தமானமாகப் பெயர்கள் எடுக்கப்படுகின்றன. கேள்விகள் டொச், பிரெஞ்ச், இத்தாலி ஆகிய மூன்று மொழிகளில்.

அகதி முகாமில் இருப்பவன் தனியார் வீட்டில் வசிப்பவன் அல்ல. முப்பது வருடம் இங்கே இருந்தும் கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும் டொச் தெரிந்த அம்மா தொலைபேசியில் 'நிக்ஸ் டொச்' என்று சொல்லி வைத்துவிடுவார். எல்லோரும் வீட்டில் இருந்து தொலைபேசி எடுக்கக்கூடிய மாலை நேரத்தில் நாம் அடுப்படியில் நிற்கிறோம். பகல் இரண்டரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் 'சிம்மர்ஸ்ருண்ட' என்று தரப்படும் இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் கண்ணயர்கிறோம். எம்மை விலக்கவேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாக நாம் சொல்லவில்லை. வலையின் கண் ஒரு அளவில் பின்னப்பட்டிருக்கிறது, நாம் அதற்குள்ளால் விழுந்துவிடுகிறோம். இதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். மத்திய சுகாதாரத் திணைக்களம் 2004இல் குடிபெயர்ந்தோரின் சுகாதாரம் பற்றித் தனியாக ஓர் ஆய்வைச் செய்வித்தது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட குழுக்களில் இலங்கைத் தமிழர்களும் ஒன்று.

மூன்றாவது, வார்த்தைகள். மதுப் பாவனையை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் பரீட்சித்து உருவாக்கிய வினாக்கொத்து உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 8 அல்லது அதற்கு மேலென்றால் கவனிக்கப்பட வேண்டியவர். அதன் அலகு 'ஒரு குடி'. இந்த நாட்டில் அது ஏறத்தாழ 3 டெசிலீற்றர் பியர் அல்லது 1 டெசிலீற்றர் வைன். இரவு பதினொன்றரைக்கு குசினி மூடிய பின்னர் நாலு பேர் ஒரு போத்தலைச் சுற்றி இருக்கும்போது டெசிலீற்றர் பார்ப்பவர் யார்? சமையலுக்கு உடைத்த வைனில் மிஞ்சியது எத்தனை 'குடி'? ஊரில் கள்ளுக்குக் கணக்குப் போத்தல், இங்கே விஸ்கிக்குக் கணக்கு 'ஒரு சின்ன அடி'. இரண்டும் அந்தப் பெட்டிக்குள் போகமாட்டா.

மனதைப் பற்றிய கேள்விகளில் சிக்கல் இன்னும் அதிகம். 1999இல் அமெரிக்காவில் வெளியாகி இன்று பல நாடுகளில் பாவிக்கப்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் பட்டியல் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். உச்சப் புள்ளி 27, பத்தைத் தொட்டால் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார். 'மனச்சோர்வு' என்று தமிழில் எழுதிவிடலாம். ஆனால் எம் அம்மாமார் அந்தச் சொல்லில் வாழவில்லை. அவர்களுக்கு 'யோசனை' வருகிறது. நெஞ்சு பாரமாக இருக்கிறது. தலையிடி, உடம்பு உளைவு, பெருமூச்சு. 'எத்தனை நாட்கள் மனச்சோர்வு?' என்றால் 'அப்படி ஒன்றுமில்லை' என்பார்கள். 'இரவில் என்ன யோசனை?' என்று கேட்டால் விடியும்வரை சொல்வார்கள்.

போருக்குப் பின்னான மனத்தாக்கங்களை அளக்க எம்மிடமும் கொண்டுவரப்பட்ட ஹாவார்ட் வினாக்கொத்து, இந்தோசீன அகதிகளை மனதில் கொண்டு பொஸ்ரனில் உருவாக்கப்பட்டது. போர் தந்த துயரத்தை இப்படி நோயின் பெயர்களுக்குள் அடக்குவது பற்றி டெரெக் சமர்பீல்ட் என்ற மனநல மருத்துவர் 1999இல் கடுமையான விமர்சனம் எழுதினார். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் சொல் பொருந்தவில்லை என்பது பேசாமல் இருப்பதற்கு ஒரு வசதியான காரணமாகவும் ஆகிவிடுகிறது. எம்மவரில் படித்தவர்கள் சிலர் அந்த வசதியை நன்றாகவே பாவிக்கிறார்கள்: 'இதெல்லாம் வெள்ளைக்காரரின் நோய், எங்களுக்கு இல்லை.'

*

2009 ஜூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 1,517 வீடுகள் தெரிவு செய்யப்பட்டு 1,409 பேர் பதில் சொன்னார்கள். முடிவு 2011இல் ஒரு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. பதற்ற அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 வீதம், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு 7 வீதம். போர் முடிந்து இரண்டு மாதம். வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அந்த நேரம் வவுனியாவின் முட்கம்பி முகாம்களுக்குள் இருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தின் கணக்கு அவர்களின் கணக்கு அல்ல. அந்த 7 வீதத்தை எடுத்துக்கொண்டு 'தமிழர்கள் தாங்கிக்கொண்டார்கள்' என்று யாராவது எழுதினால் அது பொய்யாகிவிடும், இலக்கம் சரியாக இருந்தபோதிலும்.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 2009இல், அந்நியர் ஒருவர் படலையைத் தட்டி 'உங்களுக்கு என்ன நடந்தது?' என்று கேட்டபோது, நூற்றுக்கு தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் பதில் சொல்லியிருக்கிறார்கள். பயம் இல்லாமலா? கேட்க ஒருவர் வந்தாரே என்ற ஏதோ ஒன்று பயத்தையும் மீறி வேலை செய்திருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

படலையைத் தட்டுபவனைப் பற்றி மெய்யியலில் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, நீ ஒளித்து வைத்திருக்கும் உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். பொய் சொல்லலாமா? 1797இல் இம்மானுவேல் கான்ற் சொன்ன பதில்: கூடாது. உண்மை சொல்வது ஆளுக்கு ஆள் மாறும் கடமை அல்ல. அதே வருடம் அவர் எதிர்த்து வாதிட்ட பெஞ்சமின் கொன்ஸ்ரன் வேறு விதமாகச் சொன்னார்: உண்மையைப் பெறும் உரிமை உள்ளவனுக்கே உண்மை சொல்லும் கடமை இருக்கிறது. பிறருக்குத் தீங்கு செய்யும் உண்மைக்கு எவனும் உரிமை கோர முடியாது.

விரிவுரை மண்டபத்தில் இது உதாரணம். எமது ஊர்களில் இது உதாரணமாக இருக்கவில்லை. சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் 'உள்ளே யார்?' என்ற கேள்விக்குப் பொய் சொன்ன தாய்மார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அவர்களைக் குற்றவாளிகள் என்று கான்ற் வந்து சொன்னாலும் நாம் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. எம்மவர் இந்த இடத்தில் வள்ளுவரைச் சாட்சிக்கு அழைப்பதும் வழக்கம். குற்றமற்ற நன்மை வருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றுதானே அவர் சொன்னார் என்பார்கள். ஆகவே கொன்ஸ்ரனின் பக்கம் நிற்பது எமக்கு இயல்பு. அந்த நிலையிலிருந்து பார்த்தால் வினாக்கொத்தை அனுப்பிய திணைக்களத்துக்கு எமது குடியைப் பற்றிய உண்மையைப் பெறும் உரிமை என்ன?

'இல்லை' பெட்டிக்குச் சார்பான வாதம் பலவீனமானது அல்ல. 1980களின் நடுப்பகுதியில் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் 'தோல் ஜக்கற் தமிழர்' என்ற சொல் உலாவியது. தோல் ஜக்கற் போட்ட தமிழன் என்றால் ஹெரோயின் விற்பவன் என்று அர்த்தம். சிலர் விற்றார்கள், பிடிபட்டார்கள். ஆனால் அந்தச் சொல் பிடிபட்டவர்களோடு நின்றுவிடவில்லை. இரவு வேலை முடிந்து ரயிலுக்கு நின்ற ஒவ்வொரு தமிழனின் பொக்கற்றையும் அது தொட்டது. அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்: எம்மைப் பற்றிய ஓர் இலக்கம் எம் கையில் நிற்காது. 'தமிழரில் இத்தனை வீதம் குடிகாரர்' என்று ஒரு வரி வந்தால் அது மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னர் தேர்தல் சுவரொட்டிக்குப் போகலாம். மகளுக்குக் கலியாணம் பேசும் வீட்டுக்கும் போகலாம். அப்படியானால் 'இல்லை' என்று எழுதுவது ஒரு சமூகத்தின் தற்காப்பு. அதில் என்ன பிழை?

*

பிழை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு ஓர் அண்ணரைப் பற்றிச் சொல்ல வேண்டும். றெஸ்ரோரண்டுக்கு மேலே வேலையாட்களுக்கான அறைகளில் எம்மோடு இருந்தவர். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வதிவிட அனுமதியின் தரம் காரணமாக அவர்களைக் கூப்பிட முடியாமல் எட்டு வருடம் இருந்தார். நல்ல வேலைக்காரன், வெங்காயம் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மாதம் முடிய முதல் ஊருக்குக் காசு போய்விடும். குசினி மூடிய பின்னர் தனிய இருந்து குடிப்பார். பிறகு நித்திரைக் குளிசை. குடித்தபின் குளிசை போட்டால் மூச்சு அடங்கிப்போகும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் டொச்சில் எழுதியிருக்கிறது. ஒரு தடவை, போதை ஏறாத ஒரு பின்னேரம், அவர் சொன்னார்: 'எனக்கு மட்டும்தான் தம்பி இப்பிடி. மற்றப் பெடியள் எல்லாம் எவ்வளவு நல்லா இருக்கிறாங்கள்.'

ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழும்பவில்லை. மரண அறிவித்தலில் 'திடீர் மாரடைப்பு' என்று போட்டார்கள். மண்டபத்தில் பேசியவர்கள் அவர் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனிதர் என்றார்கள். குடும்பத்தின் மானத்துக்காக அப்படித்தான் சொல்ல வேண்டும், அதில் அன்பும் இருந்தது. அறையைத் துப்புரவாக்கியபோது அவரது குளிசைப் பெட்டிகளைப் பார்த்த மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதைக்கத் தொடங்கினார்கள். அந்த மாடியில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் அதே குளிசையை வேறு வேறு மருத்துவர்களிடம் வாங்கிப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

'எனக்கு மட்டும்தான்' என்பது ஒரு புள்ளிவிபரக் கூற்று. அது பிழையான கூற்றாக இருந்தது. சரியான கணக்கு ஐந்தில் நான்கு. அதை அவருக்குச் சொல்லக்கூடிய எவரும் இருக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கணக்கு எங்கும் எடுக்கப்படவில்லை. எடுக்க வந்திருந்தாலும் நாலு 'இல்லை'களும் ஒரு மௌனமும்தான் கிடைத்திருக்கும். எல்லோரும் 'இல்லை' என்று சொல்லும் ஒரு சமூகத்தில் குடியால் அழிகிறவன் விதிவிலக்காகத் தெரிகிறான். அவனது குடி அவனது குணமாகிவிடுகிறது. பத்து மணித்தியால வேலையும், வராத அனுமதியும், பார்த்ததை மறக்க முடியாத இரவுகளும் கணக்கிலிருந்து போய்விடுகின்றன. 'இல்லை' என்று எழுதுகிறவர் தனது மானத்தை மட்டும் காப்பாற்றவில்லை. தனக்குப் பக்கத்து அறையில் இருப்பவனுக்கு எதிராகச் சாட்சியும் சொல்கிறார்.

வள்ளுவர் வைத்த நிபந்தனை நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது. ஒருவனைத் தனிமையில் தள்ளிவிட்டு மற்றவர்கள் பெறும் நன்மை அந்த நிபந்தனைக்குள் வருமா? கொன்ஸ்ரனின் வாதத்துக்கும் இங்கே திருப்பம் வருகிறது. திணைக்களத்துக்கு எமது உண்மையைப் பெறும் உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த அண்ணருக்கு இருந்தது. வினாக்கொத்தில் உள்ள முகவரி திணைக்களத்தினுடையது. பதில் போய்ச்சேர வேண்டிய இடம் வேறு.

*

கணக்கெடுப்பதால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். எமது நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. கோழைத்தனம், காதல் தோல்வி, சினிமா, ஒழுக்கக் குறைவு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லப்பட்டது. மரணங்களை எண்ணிப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பெரும்பகுதி பூச்சிநாசினி. அதிலும் சில வகைகள், குடித்தவருக்கு மனம் மாறித் திரும்பி வர அவகாசம் தராதவை. மிகக் கடும் நச்சுள்ளவை 1995இல் தடைசெய்யப்பட்டன, எண்டோசல்பான் 1998இல். பத்து வருடத்தில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியானது. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது, துயரம் குறையவில்லை. மனிதர்களுக்கு அறிவுரை சொல்லாமல், எண்ணிப் பார்த்து, கைக்கெட்டியதை மாற்றியதால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

நாம் வாழும் இந்த நாட்டுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. சூரிச் நகரின் பிளாற்ஸ்பிற்ஸ் பூங்காவில் பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களை 1992 பெப்ரவரியில் பூங்காவை மூடி விரட்டினார்கள். அவர்கள் லெற்றன் பழைய ரயில் நிலையத்துக்குப் போனார்கள். 1995 பெப்ரவரியில் அதுவும் மூடப்பட்டது. விரட்டுவதால் மட்டும் முடியவில்லை. 1994இல் மருத்துவர் மேற்பார்வையில் ஹெரோயினையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சி தொடங்கியது. பயன் என்ன, சாவு எத்தனை, களவு எத்தனை என்று வருடக்கணக்காக அளந்தார்கள். 2008இல் மக்கள் வாக்கெடுப்பில் 68 வீதத்தினர் அதைச் சட்டமாக்க ஒத்துக்கொண்டார்கள். ஊசி போடுகிறவனை விரும்பியா ஒத்துக்கொண்டார்கள்? கணக்கை நம்பி ஒத்துக்கொண்டார்கள். எமது தலைமுறைக்கு முந்தியவர்களைத் தோல் ஜக்கற்றைக் காட்டிப் பயமுறுத்திய அதே நாடுதான் இது. இலக்கம் எப்போதும் பலவீனமானவனுக்கு எதிராகவே பாவிக்கப்படும் என்பது முழு உண்மை அல்ல.

ஆனாலும் பயம் பயம்தான். பயத்தைக் கண்டிப்பதால் அது போவதில்லை. இதைப் புரிந்துகொண்ட ஒருவர் ஸ்ரான்லி வோர்னர் என்ற அமெரிக்கர். வெட்கத்துக்குரிய கேள்விகளுக்கு மனிதர்களிடமிருந்து உண்மையைப் பெற 1965இல் அவர் ஒரு வழியை முன்வைத்தார். அதன் பின் வந்த எளிய வடிவத்தைச் சொல்கிறோம். பதில் சொல்பவர் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். கேட்பவருக்கு அது தெரியாது. தலை விழுந்தால் உண்மை எதுவாயிருந்தாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு பேரில் ஏறத்தாழ ஐம்பது பேர் நாணயத்துக்காகவே 'ஆம்' என்பார்கள். மொத்தம் எழுபது 'ஆம்' வந்தால், மிச்ச ஐம்பது பேரில் இருபது பேர் உண்மையாகவே 'ஆம்' என்றிருக்கிறார்கள். அதாவது நாற்பது வீதம். ஆனால் எந்த ஒருவரையும் காட்டி 'இவன்தான்' என்று சொல்ல முடியாது. அவரது 'ஆம்' நாணயத்தினுடையதாக இருக்கலாம்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எமக்கு ஏற்பட்ட ஆச்சரியம் கணக்கைப் பற்றியது அல்ல. 'நாம்' என்ற சொல்லைப் பற்றியது. எமது சங்கக் கூட்டங்களில், கோயில் திருவிழாவில், மரண வீட்டில் நாம் சொல்லும் 'நாம்' பெரும்பாலும் மறைப்பதற்கான 'நாம்'. நாம் கடின உழைப்பாளிகள், நாம் பிள்ளைகளைப் படிப்பிப்பவர்கள், எம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. அந்தச் சொல்லுக்குள் பொருந்தாதவன் வெளியே நிற்கிறான். நாணயம் உருவாக்கும் 'நாம்' வேறு வகையானது. அதில் யாரும் காட்டிக்கொடுக்கப்படுவதில்லை, யாரும் வெளியே தள்ளப்படுவதும் இல்லை. நாற்பது வீதம் என்பது எமது எல்லோருக்கும் சொந்தம்.

*

இதிலிருந்து, வருகிற எந்த வினாக்கொத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு உண்மை எழுதுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்பவனுக்கும் கடன் உண்டு. எம்மிடம் கேட்க வேண்டுமென்றால் எமது மொழியில், 'யோசனை', 'நெஞ்சு பாரம்' என்ற எமது சொற்களில் கேட்கட்டும். மொழிபெயர்க்க வருபவர் அதே ஊர்க் கோயிலில் எம்மைக் காணும் மாமாவாக இருக்கக் கூடாது. வதிவிட அனுமதி முடிவாகாமல் இருக்கும்போது கேட்கப்படும் கேள்வி சுதந்திரமான கேள்வி அல்ல என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒன்பது கேள்விப் பட்டியலின் கடைசிக் கேள்வி செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. அதற்கு 'ஆம்' என்ற பதிலை வாங்கிவிட்டு நன்றி சொல்லிப் போகும் உரிமை எவருக்கும் இல்லை. அடுத்த நாள் போய்ப் பார்ப்பதற்கு ஒரு ஆளையும் இடத்தையும் அவர்கள் கொண்டு வர வேண்டும். கடைசியாக, எடுத்த கணக்கு எம்மிடம் தமிழில் திரும்பி வர வேண்டும், பக்கத்து அறைக்காரன் வாசிக்கக் கூடியதாக.

இந்தக் கடன்களைத் தீர்க்காத கேள்விக்கு 'பதில் சொல்ல விரும்பவில்லை' என்ற பெட்டி பல வினாக்கொத்துகளில் இருக்கிறது. அதில் அடையாளமிடுவது நேர்மையானது. மௌனம் பொய் அல்ல. 'இல்லை' என்பது வேறு விடயம்.

சுவிஸ் சுகாதார ஆய்வின் 2022ஆம் வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ எழுபத்தைந்து இலட்சம் பேருக்குப் பதிலாக இருபதாயிரத்துச் சொச்சம் பேர் பேசியிருக்கிறார்கள். ஒருவர் முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் இடத்தில் நிற்கிறார். அந்த எழுந்தமானக் குலுக்கலில் தமிழ்ப் பெயர் ஒன்று வருவது அபூர்வம். ஐந்து வருட முறைப்படி அடுத்த ஆய்வு 2027க்குரியது. அந்தக் கடிதம் எம்மில் ஒருவரின் தபால்பெட்டிக்கு வந்தால், அவர் எழுதும் ஒரு 'இல்லை' முந்நூறு 'இல்லை'களாகப் பெருகும், ஒரு 'ஆம்' முந்நூறு 'ஆம்'களாகும். அந்த முந்நூறு பேரில் இப்போது குசினி மூடிவிட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள்.